பின்னால் நிற்பவள்

தங்கபுஷ்பம் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்கு என்ன, ஒரு சேலையும் அதற்குள் ஒரு பொம்பளையும் இருந்துவிட்டால் ஆள் வந்தாயிற்று என்று முடிவுகட்டிவிடுவார்கள். அவளோ நாற்காலிக்குப் பின்னால், சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் கொண்டை தெரிந்தது, கொண்டையைச் சுற்றி அரை முழம் பிச்சிப்பூ தெரிந்தது, ரவிக்கைக் கழுத்துக்கு மேலே பவுடர் திட்டுத் திட்டாக நிற்பது தெரிந்தது. ஒழுங்காகத் தேய்த்துவிடக்கூடத் தெரியாதா இவளுக்கு என்று எரிச்சல் வந்தது. தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும். பைத்தியம் இல்லை. கால் செருப்புக்குள்தான் இருக்கிறது, முதுகில் பிளாஸ்டிக் நாற்காலி குத்துகிறது, எல்லாம் தெரியும். ஆனால் பக்கத்து ஊரில் மழை பெய்கிறது என்று யாரோ வந்து சொன்னால் நமக்கு எப்படித் தெரியுமோ, அப்படித் தெரியும். மணி ஒன்பதே முக்கால். அவளுடைய டோக்கன் ஆறு, உள்ளே போயிருப்பது மூன்று. அறக்கட்டளை ஒன்று நடத்தும் இந்த இலவச மனநல மையத்துக்கு வியாழக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஓர் அம்மா வருகிறார், மாத்திரை எழுதமாட்டார், பேசுவார், பேசிப் பேசியே சரியாக்கிவிடுவார் என்றார்கள். நாலு மாதம் காத்துக் கிடந்து வாங்கிய வியாழக்கிழமை இது. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். நல்லாயிட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று புருஷன் பொன்னுத்துரை சொல்லியிருக்கிறான். எழுதி வாங்குவது பெரிய காரியமில்லை. புஷ்பத்துக்கு வேண்டியது காகிதம் இல்லை. நிஜமாகவே நல்லாக வேண்டும், நாற்காலியில் இருப்பவளுக்குள் போய் உட்கார வேண்டும். காகிதம் முதலில் வந்து தான் பின்னால் வந்து சேர்ந்தால், நடுவில் பிள்ளை இவளிடம் தனியாக இருப்பாளே, அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது. அதாவது, பயமாக இருக்கிறது என்று தகவல் வந்தது.

பூவும் பவுடரும் மெரூன் கலர் யூனிஃபார்ம் சேலையும் எதற்கென்றால், பன்னிரண்டு மணி வரைக்கும்தான் பெர்மிஷன். இங்கிருந்து நேரே கடைக்குப் போய்ப் பட்டுப் பிரிவில் நிற்க வேண்டும். பதினைந்து வருஷமாக நிற்கிறாள். நாலு மாடி ஜவுளிக்கடை, இரண்டாவது மாடி முழுக்கக் கல்யாணப் பட்டு. உட்காரலாம் என்று சட்டம் வந்துவிட்டது, ஸ்டூலும் வந்துவிட்டது, ஸ்டூல் மேல் போட்டிருக்கும் பாலிதீன் உறையை இன்னும் ஒருத்தியும் பிரிக்கவில்லை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி சூப்பர்வைசர் சொல்வார்: வாயில் 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. வெங்காயத் தோல் கலரில் மாம்பழப் பச்சை பார்டர் கேட்டாலும் இருக்குங்கம்மா என்று சொல்லி இருப்பதைக் காட்டு. கஸ்டமருக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியுமுன் உனக்குத் தெரிய வேண்டும். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எல்லாரும் சிஸ்டர். சிஸ்டர், அதை எடுங்க. சிஸ்டர், மேல போட்டுக் காட்டுங்க. பெண்ணின் அம்மாவும் அத்தையும் மட்டும் வந்திருப்பார்கள், பெண் வந்திருக்காது, சேலை உடம்பில் எப்படி விழுகிறது என்று பார்க்க ஓர் உடம்பு வேண்டும். சிஸ்டர் போட்டுக்கொண்டு நிற்பாள். இவ நெறத்துக்கே இப்படி எடுத்துக் காட்டுதுன்னா நம்ம பிள்ளைக்கு எப்படி இருக்கும்னு பாரு என்று, முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு, முகத்தைப் பார்த்தே சொல்வார்கள். கேட்கிறவளுக்குக் காது இருக்கிறது என்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பத்தொன்பது வயதில் முதல் தடவை அதைக் கேட்டபோதுதான் புஷ்பம் ஓர் எட்டுப் பின்னால் போனாள். சும்மா ஓர் எட்டு. ராக்கில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். முன்னால் சிஸ்டர் சிரித்துக்கொண்டு நின்றாள், முந்தானையை விரித்துக் காட்டினாள், வலித்ததெல்லாம் அவளுக்கு, தனக்கு ஒன்றுமில்லை. ஆஹா, இது நல்லாயிருக்கே என்று பட்டது. அதுதான் தப்பு. கால் வலித்தால் ஓர் எட்டு, மாதாமாதம் வயிறு வலித்தால் ஓர் எட்டு. அசையாமல் நிற்கிறாள், முகம் கோணுவதே இல்லை, எல்லாரும் இவளைப் பார்த்துப் படியுங்கள் என்று சூப்பர்வைசர் அவளை முன்னால் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். பிறகு மூன்றாவது மாடிக் குடோனுக்குப் புதுச் சரக்கு எடுக்க அவள்தான் வர வேண்டும் என்றார். குடோனில் ஒரு டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும். கதவைச் சாத்தினால் மினுக்குவது மட்டும்தான். பதினோரு அடுக்கு ராக், ஒவ்வோர் அடுக்கிலும் அட்டைப்பெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் நம்பர். டியூப்லைட் மினுக்கிக்கொண்டிருக்கும். நினைப்பு அந்தக் கதவு வரைக்கும் போகும், விளக்கைப் பார்க்கும், நம்பர் படிக்கும், திரும்பி வந்துவிடும். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்திய அன்றைக்கு எத்தனை எட்டுப் பின்னால் போனாள் என்று தெரியவில்லை. திரும்பி வருகிற வழி அன்றோடு குழம்பிவிட்டது.

கல்யாணம் ஆனபின் சரியாகும் என்று நினைத்தாள். பிள்ளை பிறந்தபின் சரியாகும் என்று நினைத்தாள். சரியாகத்தான் ஆனது கொஞ்ச நாள். தர்ஷிகா பால் குடிக்கையில் ஈறால் ஒரு கடி கடிப்பாள், அந்தக் கடிக்கு விழுந்தடித்துக்கொண்டு புஷ்பம் உள்ளே வந்துவிடுவாள். பல் முளைத்துப் பால் மறந்து பிள்ளை தானாகச் சாப்பிடப் பழகியதும் மறுபடி சுவரோரம்தான். இப்போது தர்ஷிகாவுக்கு ஆறு வயது. பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓர் அடுப்பில் குக்கரில் பருப்பு, இன்னோர் அடுப்பில் அப்பளத்துக்கு எண்ணெய். அப்பளம் பொங்குவதைப் பார்க்கிறேன் என்று பிள்ளை முக்காலியைப் போட்டு ஏறினாள். வாணலியின் காதைப் பிடித்தாள். புஷ்பம் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் சிஸ்டர் இருந்தாள், கையில் கரண்டி இருந்தது, எண்ணெய் சரிந்து பிள்ளையின் இடது கையில் தோளிலிருந்து முழங்கை வரை வழிந்தது. சிஸ்டர் நின்றாள். பிள்ளை கத்தினாள். சிஸ்டர் நின்றாள். பிடி, தண்ணீரை ஊற்று, தூக்கு என்று புஷ்பம் ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து அலறினாள், அந்த அலறல் சிஸ்டரின் வாய் வரைக்கும் போய்ச் சேரவில்லை. குக்கர் விசில் அடித்தது. பிறகு இன்னொரு விசில் அடித்தது. பிறகுதான் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா ஓடிவந்து பிள்ளையை அள்ளினாள். இரண்டு விசில். அந்தக் குக்கருக்கு விசிலுக்கும் விசிலுக்கும் எவ்வளவு நேரம்? தண்ணீர் எவ்வளவு வைத்திருந்தாள் என்பதைப் பொறுத்தது. தண்ணீர் கூட என்றால் சீக்கிரம் அடிக்காது, குறைவு என்றால் சீக்கிரம். ஒரு நிமிஷமாக இருந்தால் ஒரு நிமிஷம் பிள்ளை வெந்தது, மூன்றாக இருந்தால் மூன்று. பருப்பு ஓர் ஆழாக்கு, தண்ணீர் எவ்வளவு. இரண்டு விசில். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அதே பருப்பை அதே குக்கரில் வைத்து மணியைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள், ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை அடித்ததில்லை. அம்மா ஏன் வந்து தூக்கல என்று ஆஸ்பத்திரியில் பொன்னுத்துரை கேட்டதற்கு, அம்மா சிரிச்சுக்கிட்டே நின்னா என்றாள் பிள்ளை. பொன்னுத்துரை அடிக்கவில்லை. மினி லாரி ஓட்டுகிறவன், வாய் அதிகம் இல்லாதவன். பிள்ளையைத் தூத்துக்குடியில் தன் அக்கா ரெத்தினத்தின் வீட்டில் கொண்டுபோய் விட்டான், திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து, உனக்கு என்ன செய்யுது புஷ்பம், என்னட்ட சொல்லு என்று கேட்டான். சொன்னாள். நான் இங்க இல்ல என்று சொன்னாள். பின்ன எங்க இருக்க என்று கேட்டான், பாவம், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

அதிலிருந்து அலைச்சல். தெருமுனை டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து ரத்தம் கம்மி என்றார்; ஒரு மாதம் இரும்புச்சத்து டானிக் குடித்தாள், டானிக் குடித்துச் சிஸ்டருக்குக் கன்னம் மினுமினுத்தது. ரெத்தினம் மதினி ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். அவர் உடுக்கையை அடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, இந்த வீட்டுல ஆள் இல்ல, பூட்டிக் கிடக்கு என்றார். போனதிலேயே அவர் ஒருவர்தான் நோயைச் சரியாகச் சொன்னவர். ஆனால் வைத்தியம் என்று வந்தபோது வேப்பங்குழையால் முதுகில் அடித்தார், அடி வாங்கினது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய டாக்டர் ஒருவர் மூன்று நிமிஷம் பார்த்தார், தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்டால் சுவர் இன்னும் தள்ளிப் போனது. தொலைபேசியில் இலவச ஆலோசனை என்று ஒரு நம்பர் கிடைத்தது. ஒரு சின்னப் பெண்ணின் குரல், கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளைச் சொல்லுங்கள் அக்கா என்றது, தொட முடிகிற நாலைச் சொல்லுங்கள் என்றது. நல்ல யோசனைதான். ஆனால் நாள் முழுக்கப் பொருளைத் தொட்டு எடுத்துப் பெயர் சொல்லிக் காட்டுவதுதான் சிஸ்டருக்கு வேலை. அவள் ஐந்தென்ன, ஐம்பது சொல்வாள், அந்தப் பெண் ரொம்ப நல்லா பண்றீங்க அக்கா என்று பாராட்டி வைத்துவிட்டது. இத்தனைக்கும் பிறகுதான் இந்த மையத்தில் முறை வந்தது. எண்ணெய் கொட்டிய கையோடு பிப்ரவரி கடைசியிலேயே பெயர் பதிந்தபோது, அதிர்ஷ்டவசமாக அன்றைக்குப் புஷ்பமே வந்திருந்தாள், அழுதுகொண்டு வந்திருந்தாள், நான் நானா இல்லம்மா என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னாள், அந்தப் பெண் அதை அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டது. அந்த ஒரு வரி இப்போது உள்ளே மேஜைமேல் இருக்கும். அதை நினைத்தால் ஆறுதலாக இருந்தது.

இன்னும் ஓர் ஆறுதல் கைப்பையில் இருந்தது. தர்ஷிகாவின் நாலு கோடு நோட்டிலிருந்து கிழித்த தாள். ஒரு வாரமாக, தான் உள்ளே வந்துபோகிற நேரமாகப் பார்த்து, வரிவரியாக எழுதியது: எண்ணெய், இரண்டு விசில், சுவரோரம், குடோன் என்று எழுதி அடித்து மறுபடி குடோன். வாய் வராவிட்டால் தாளைக் கொடுத்துவிடலாம். எளிய காரியம். பையைத் திற, தாளை எடு, மேஜைமேல் வை. சுவரோரம் நின்றபடி புஷ்பம் ஒத்திகை பார்த்தாள். பையைத் திற, தாளை எடு. நாற்காலியில் இருந்தவளின் கை பையின் மேல் அடக்கமாக மடங்கிக் கிடந்தது. டோக்கன் கொடுக்கும் பெண் நோட்டும் கையுமாக வந்தது, எதிர்வரிசையில் ஒரு மனிதர் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார், அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்கா, நீங்க யாருக்குத் துணைக்கு வந்திருக்கீங்க என்று கேட்டது. எனக்குத்தான் என்றாள் சிஸ்டர், சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தது. சேலை நல்லாயிருக்கு அக்கா, எந்தக் கடை? சிஸ்டர் கடையின் பெயரைச் சொன்னாள், ஆடித் தள்ளுபடிக்கு வரச் சொன்னாள். புஷ்பத்துக்குப் பயம் பிடித்தது. இவள் கடை திறந்துவிட்டாள். இன்றைக்குப் போய்க் கடை திறந்துவிட்டாள். சட்டைப் பொத்தான் மனிதரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. அவருக்கு என்ன கேடோ, அது அவர் கையில், எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. ஒரு நாற்காலியை உதைத்தால்கூடப் போதும். தலைமுடியை அவிழ்த்துவிட்டால் போதும். பூவைப் பிய்த்து எறி என்று புஷ்பம் பின்னாலிருந்து கெஞ்சினாள். ஆறாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள். சிஸ்டர் எழுந்து, மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு, எதிர்வரிசைக்காரரின் கால் மேல் படாமல் ஒதுங்கி உள்ளே போனாள்.

அறை சின்னது, மின்விசிறி பெரியது. காஞ்சனமாலா என்று மேஜையில் பெயர்ப்பலகை. ஐம்பது வயதிருக்கும், நல்ல முகம், முகம் முழுக்கக் களைப்பு. விடியுமுன் பஸ் ஏறியிருப்பார். காலையிலிருந்து ஐந்து பேரின் துக்கத்தைக் கேட்டிருக்கிறார், அழுதவர்கள் மேஜையில் விட்டுப்போன காகிதக் கைக்குட்டைகளை இப்போதுதான் கூடையில் தள்ளினார். வாசலில் நிற்கையிலேயே சிஸ்டர் இதையெல்லாம் பார்த்துவிட்டாள். பட்டுப் பிரிவில் பதினைந்து வருஷம் என்றால் சும்மாவா. இந்த அம்மாவுக்கு ஒரு டீ வேண்டும், அதற்கு முன்னால் ஒரு நல்ல செய்தி வேண்டும், இன்றைக்கு ஒருத்தராவது சரியாகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இருக்குங்கம்மா, அதுவும் இருக்கு. உட்காருங்கம்மா என்றார். வணக்கம் மேடம், பஸ்ஸில வந்தீங்களா, ரொம்ப வெயில் என்றாள் சிஸ்டர். அந்த அம்மாவின் முகம் லேசாக மலர்ந்தது. அவரைப் பற்றி அன்றைக்கு யாரும் கேட்டிருக்கவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டார், நன்றாக வருகிறது. சாப்பாடு, வேளாவேளைக்கு. வேலை, ஒரு நாள் லீவு இல்லை, போன மாதம் விற்பனையில் தனக்குத்தான் முதல் பரிசு. அந்த அம்மா ஃபைலைப் புரட்டினார், விரல் ஓர் இடத்தில் நின்றது. அந்த வரி. நாலு மாதமாகப் புஷ்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த வரி. "'நான் நானா இல்ல'ன்னு சொல்லியிருக்கீங்களேம்மா. அது இப்ப எப்படி இருக்கு?" என்று, அவசரப்படாமல், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நல்ல கேள்வி, கேட்க வேண்டியபடியே கேட்ட கேள்வி. புஷ்பம் சுவரைவிட்டு நகர்ந்தாள். பை. தாள். சிஸ்டரின் தோள்வரைக்கும் வந்துவிட்டாள், பிச்சிப்பூவின் வாடைகூடத் தகவலாக இல்லாமல் நிஜமாகவே ஒரு கணம் மூக்கில் ஏறியது. "அது பிள்ளைக்கு அடிபட்ட அதிர்ச்சியில சொன்னது மேடம். இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பா வருது" என்றாள் சிஸ்டர். கைகள் பையின் மேல் மடங்கியே இருந்தன. அந்த அம்மா விடவில்லை, விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. சின்ன வயதிலோ வேலை பார்க்கிற இடத்திலோ மனதுக்குப் பிடிக்காதது எதுவும் நடந்ததுண்டா, யாராவது தொந்தரவு செய்ததுண்டா என்று கண்ணைப் பார்த்துக் கேட்டார். டியூப்லைட் மினுக்கியது. பதினோரு அடுக்கு. இதைச் சொல்லிவிட்டால் போதும், ஒரு சொல் போதும், குடோன் என்றால் மிச்சத்தை இந்த அம்மா பிடித்து இழுத்துவிடுவார். இல்லை என்று சொல்லவே தெரியாத வாய் அல்லவா அது. "இல்லை மேடம்" என்றது. எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு மரியாதையாகச் சொன்னது. கஸ்டமருக்குத் திருப்தி ஏற்பட்டுவிட்டது. உங்களை மாதிரி தெளிவாகப் பேசுகிறவர்கள் இங்கே வருவதே அபூர்வம் என்று அந்த அம்மா சந்தோஷமாகவே சொன்னார். வேண்டுமென்றால் தொடர்ந்து வரலாம், ஆனால் வெளியே நாற்பது பேர் வரிசையில் இருக்கிறார்கள், உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் என்று இழுத்தார். அவங்களுக்கு என் இடத்தைக் கொடுத்திருங்க மேடம் என்றாள் சிஸ்டர். அந்த அம்மா நெகிழ்ந்துபோய் அவள் கையைத் தொட்டார். பிறகு, சிஸ்டர் கேட்டுக்கொண்டபடி, மையத்தின் பெயர் அச்சிட்ட தாளில், தாயின் மனநிலை சீராக உள்ளது, குழந்தையைப் பராமரிக்கத் தகுதியுடன் இருக்கிறார் என்று எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

வெளியே வேப்பமரத்து நிழலில் நின்று சிஸ்டர் புருஷனுக்கு ஃபோன் போட்டாள். அவன் தூத்துக்குடியில்தான் இருந்தான், லோடு இறக்க வந்த இடத்தில் மதினி வீட்டுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போயிருக்கிறான். கடிதத்தை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அழுகிறான் என்று புஷ்பத்துக்குப் புரிந்தது. நாலு மாதமாகப் பிள்ளை இல்லாத வீட்டில் சோறு தின்றவன், ஒரு வார்த்தை குத்திக் காட்டாதவன். கெட்டவனாக இருந்தால் நம்பமாட்டான், பிள்ளையைத் தரமாட்டான். நம்பாதீங்க என்றாள் புஷ்பம். இன்னைக்கு மட்டும் நம்பாதீங்க, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டுங்க. சாயந்திரமே கூட்டிட்டு வாரேன் புஷ்பம், எதுக்கு அடுத்த வாரம் வரைக்கும் என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. இந்தா, பிள்ளைட்ட பேசு என்று ஃபோனைக் கொடுத்தான். சிஸ்டர் குரலைக் குழைத்தாள். தர்ஷிக்குட்டி, தங்கம், அம்மாவுக்கு நல்லாயிட்டு, அப்பாகூட சாயந்திரம் வாரியா, அம்மா உனக்கு என்னெல்லாம் செஞ்சு வைக்கப்போறேன் பாரு என்றாள். குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்ற தாய் அப்படித்தான் பேசுவாள்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளை யோசிக்கும்போது அப்படித்தான் வாயால் மூச்சு விடுவாள். பிறகு, பக்கத்து வீட்டாரிடம் கேட்கிற மாதிரி மரியாதையாக, "அம்மாட்ட ஃபோனக் குடுங்க" என்றாள்.

"அம்மாதான் பேசுதேன் செல்லம்."

"எங்கம்மாட்ட குடுங்க."

புஷ்பம் ஓடினாள். சுவரில்லாத வெளியில், தெருவும் மரமும் ஆட்டோக்களும் தகவலாகச் சுற்றி நிற்க, எட்டு மேல் எட்டு வைத்து ஓடினாள். தொண்டை வரைக்கும் வந்துவிட்டாள், நான் இங்கதான் இருக்கேன் தர்ஷி, வராத, நீ வராத என்பதை நாக்கின் அடியில் கொண்டுவந்து வைத்தும்விட்டாள். நாக்கு சிஸ்டரிடம் இருந்தது. பொன்னுத்துரை ஃபோனை வாங்கிக்கொண்டான், ரொம்ப நாள் ஆச்சுல்ல, பிள்ளை கேலி பண்ணுதா என்று சிரித்தான், ஆறு மணிக்கெல்லாம் வந்திருவோம் என்றான். சரிங்க, பாத்து வாங்க என்று சிஸ்டர் ஃபோனைப் பைக்குள் போட்டாள், கடிதத்தை மடிக்காமல் நோட்டுத் தாளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள், நேரமாகிவிட்டது என்று பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தாள். உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அவளைத்தான் சாயந்திரம் ஆறு மணிக்கு இவளிடம் கொண்டுவந்து விடப்போகிறார்கள்.